பெயருக்கு நடுவே ஒரு கோடு

"இதையெல்லாம் இப்ப ஏ.ஐ.யே செஞ்சு குடுத்துடுதே" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர்களின் பட்டியல் என் மனதில் அப்படியே இருக்கிறது. பல் மருத்துவர் ஒருவர், என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துச் சொன்னார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நான் என்ன தொழில் செய்கிறேன் என்று கேட்டுவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே புடவைக் கடை வைத்திருப்பவர் வாரத்துக்கு ஒரு முறை சொல்கிறார். அவர் கடைப் புடவையை இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. எனக்கு மரியாதை தெரியும்.

அலுவலகம் குவீன் தெருவில், அந்தப் புடவைக் கடைக்கு மேல்மாடி. அலுவலகம் என்றால் நானும் என் தொழில் கூட்டாளியும்தான். அவன் தமிழ் முஸ்லிம், என்னைவிட இரண்டு வயது இளையவன், என்னை அக்கா என்பான். இருவரும் முன்பு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். அந்தப் பிரிவை மூடியபோது ஒரே பிற்பகலில் இருவரையும் வெளியே அனுப்பினார்கள். கோபத்தில் ஆரம்பித்த கம்பெனி எங்களுடையது. கோபத்தில் ஆரம்பித்தாலும் எட்டு வருஷம் ஓடியது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்த மென்பொருள் தொழிற்சாலை பஸ்களுக்கானது. கடலுக்கு அந்தக் கரையில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் விடிவதற்கு முன்பே வாடகை பஸ்களில் ஏறி, பாலம் தாண்டி நாங்கள் இருக்கும் தீவுக்கு வேலைக்கு வருகிறார்கள். மறுநாள் யார் யார் வேலைக்கு வருகிறார்கள், யார் லீவு என்கிற பட்டியலைத் தொழிற்சாலை ஒவ்வொரு மாலையும் பஸ் கம்பெனிக்கு அனுப்பும். எங்கள் மென்பொருள் அதைப் படித்து, எந்த பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும், யாரை ஏற்ற வேண்டும் என்று ஓட்டுநரின் கைப்பேசிக்குச் சொல்லும். கேட்க ஒன்றுமில்லாத வேலை. செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரு தொழிற்சாலை எக்செல்லில் அனுப்பும், இன்னொன்று காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பும், மூன்றாவது ஒன்று கைப்பேசிச் செய்தியில் பெயர்களைக் காற்புள்ளிகூட இல்லாமல் கொட்டும்.

முதல் வாடிக்கையாளர் பட்டர்வொர்த்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அலுவலகம் வைத்திருந்த ஒரு பஸ் முதலாளி. அவரிடமிருந்து ஆறு கம்பெனிகளாக வளர்ந்தோம். ஆறிலும் பெரியவர் அவர்தான், அவர் போனால் எங்கள் பிழைப்பில் பாதி போய்விடும். அவர் இப்போது எங்களிடம் இல்லை. அவர் போன கதையில் யாரைத் திட்ட ஆரம்பித்தாலும் கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

இங்கே ஒரு எழுத்துச் சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டுத் தமிழரின் அடையாள அட்டையில், சொந்தப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஆணுக்கு ஏ/எல் என்றும் பெண்ணுக்கு ஏ/பி என்றும் இருக்கும். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம். நடுவில் அந்தச் சாய்கோடு இருக்கிறதே, அது வெளிநாட்டுக்காரன் செய்த எந்தப் படிவத்துக்கும் ஆகாது. பெயரை முழுசாக எழுதினால் தப்பு என்று சிவப்பில் காட்டும். இந்தக் கோட்டோடு சிறு வயதிலிருந்து மல்லுக்கட்டியவள் நான். அதனால் கம்பெனி ஆரம்பித்ததும் என் பெயர் அட்டையில் ஏ/பியையும் அதற்குப் பின்னால் இருந்ததையும் வெட்டிவிட்டேன். பெயர் சின்னதாக, பளிச்சென்று இருந்தது. அப்பாவிடம் ஒரு அட்டையைக் கொடுத்தேன். முன்பக்கத்தைப் படித்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே தொலைபேசி எண்தான் இருந்தது. நல்லாயிருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தொழிற்சாலைப் பட்டியலில் இன்னொரு ஏ/எல் உண்டு. ஆனுவல் லீவு, அதாவது வருடாந்திர விடுப்பு. லீவில் இருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் அந்த எழுத்துகளைத்தான் போடுவார்கள். ஆக, ஒரே பட்டியலில் ஒரு ஏ/எல் மகன், இன்னொரு ஏ/எல் லீவு. எது எது என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்க என் கூட்டாளி ஆரம்ப நாட்களில் வாரக்கணக்கில் உட்கார்ந்தான். அவன் பெயரில் ஏ/எல் கிடையாது, முஸ்லிம் பெயர்களில் மகன் என்பதற்கு வரும் 'பின்'தான் இருக்கும். அவனுக்கு அது சொந்தப் பிரச்சினையே இல்லை. ஆனாலும் உட்கார்ந்து சரி செய்தான், அதோடு நான் அதை மறந்துவிட்டேன்.

போன வருஷம் பஸ் முதலாளி என்னை வரச் சொன்னார். ஃபெர்ரி ஏறிக் கடல் தாண்டிப் போனேன். பசியாறிட்டியா என்று கேட்டு, கோப்பி வரவழைத்து, தன் கைப்பேசியை என் பக்கம் தள்ளினார்.

"பாரு தங்கச்சி. எங்க அக்கா மவன் செஞ்சது. லிஸ்ட அப்பிடியே போட்டா போதும், ஏ.ஐ. படிச்சிக்கிது. ரெண்டே நாள்ல செஞ்சிட்டான் லா."

"ரெண்டு நாள்ல செஞ்சது ரெண்டு நாளு ஓடும்ணே."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் எட்டு வருஷமா என்னா செஞ்சிங்க?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. வேறு யாராவது கேட்டிருந்தால் கோப்பியை அவர் மேசையிலேயே கொட்டிவிட்டு வந்திருப்பேன். இவர் முதல் வாடிக்கையாளர். ஆகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரே மாதத்தில் எங்கள் மென்பொருளிலும் ஏ.ஐ. இருக்கும், உங்கள் அக்கா மகனுடையதைவிட நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஃபெர்ரி ஏறினேன்.

கூட்டாளியிடம் சொன்னபோது அவன் சண்டை போடவில்லை. அவன் சண்டை போடாததுதான் எனக்குப் பிடிக்காத குணம். பட்டியலைப் படிக்கும் பழைய பகுதியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஏ.ஐ.யை வைப்போம் என்றேன். வையுங்கள், ஆனால் முழுப் பட்டியலைப் போட்டுச் சோதித்துப் பார்த்த பிறகு வையுங்கள் என்றான். உண்மையான பட்டியல்கள் தொழிற்சாலையின் சொத்து, அவற்றை வெளியே உள்ள ஏ.ஐ.க்குக் காட்டிச் சோதிக்க அப்போது அனுமதி வாங்கியிருக்கவில்லை. எனவே சோதனைக்கென்று நானே பெயர்களை இட்டுக்கட்டினேன். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். எல்லா இனத்துப் பெயர்களும் எழுதினேன், தமிழ்ப் பெயர்களும் நிறைய எழுதினேன். எல்லாம் ஒற்றைப் பெயர், என் அட்டையில் இருப்பதுபோல. ஏ/எல் என்று வந்த இடமெல்லாம் லீவு மட்டும்தான்.

அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

"அக்கா, அப்பா பேரு இல்லாம எந்த ஃபேக்டரிலக்கா லிஸ்ட் அனுப்பறாங்க?"

"மெஷினுக்கு அப்பா எதுக்குடா?"

அவன் போய் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டான். சோதனையில் ஒரு தவறுகூட வரவில்லை. காகிதப் படத்தைப் படித்தது, காற்புள்ளி இல்லாததைப் படித்தது, எழுத்துப் பிழையோடு இருந்ததைக்கூடத் திருத்திப் படித்தது. எட்டு வருஷம் நாங்கள் தலையை உடைத்துக்கொண்டதையெல்லாம் அது கொட்டாவி விடுகிற நேரத்தில் செய்தது. எனக்குப் பெருமையாகவும் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. தொழிற்சாலைகளிடம் அனுமதிக் கையெழுத்து வாங்கி, ஒரு திங்கட்கிழமை நிஜப் பட்டியலில் ஓட விட்டோம்.

அன்று விடியற்காலை பஸ் முதலாளி அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தங்கச்சி, இன்னிக்கு தமிழ் ஆம்பளங்களுக்கு மட்டும் பெருநாளா?"

எனக்குப் புரியவில்லை. அவர் கத்தக் கத்தத்தான் புரிந்தது. தமிழ்ப் பெண்கள் ஏறிவிட்டார்கள். மலாய்க்காரர், சீனர், நேப்பாளத்துப் பையன்கள், எல்லாரும் ஏறிவிட்டார்கள். தமிழ் ஆண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் லீவு. பெயருக்கு நடுவே இருந்த ஏ/எல்லைப் பார்த்து எங்கள் புத்திசாலி இயந்திரம் அத்தனை பேருக்கும் வருடாந்திர விடுப்பு கொடுத்துவிட்டிருந்தது. கலந்து ஏறுகிற நிறுத்தங்களில் பேர் இல்லை, ஏறாதே என்று ஓட்டுநர்கள் மல்லுக்கு நின்று, அப்புறம் ஏற்றிக்கொண்டார்கள். தமிழ் ஆண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தங்களில் பஸ் நிற்கவே இல்லை, மெதுவாகக்கூடப் போகவில்லை. பிறையில் அடுக்குமாடி வீடுகளுக்கு எதிரே அப்படி ஒரு நிறுத்தம். அங்கே நான்கு பேர். மூன்று பேர் தெரிந்தவர்களின் மோட்டார் சைக்கிள்களில் தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான்காவது ஆள் பஸ் வரும் என்று மழையில் எட்டு மணி வரைக்கும் நின்றிருக்கிறார்.

நான் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் கூட்டாளி பழைய பகுதியைத் திரும்ப வைத்துவிட்டிருந்தான். அதை அவன் அழிக்காமல் ஒரு ஓரமாக வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நான் சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவன் பால் சேர்க்காத தே ஓ குடித்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை அந்த நான்காவது ஆள் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர். தொழிற்சாலைச் சட்டையோடேயே வந்திருந்தார், கையில் மடித்த மழைக்கோட்டு இருந்தது. பஸ் கம்பெனிக்குப் போனேன், அவர்கள் இங்கே கை காட்டினார்கள் என்றார். அவர் ஒப்பந்த ஆள். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவர். சொல்லாமல் வராமல் போனவர் என்று அன்றைக்கு அவர் பெயரில் ஏறிவிட்டது. அந்தக் குறி இருந்தால் நிரந்தரப் பட்டியலில் பேர் இருக்காது.

என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "அது ஏ.ஐ. செஞ்ச தப்புண்ணே."

அவர் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, என் கூட்டாளி.

"அவரு எங்க ஒக்காந்திருக்காரு மேடம்? கூப்புடுங்க, பேசுவோம்."

கூட்டாளி சிரித்துவிட்டான். உங்கள் தொழிற்சாலைக்கு நானே எழுதுகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். அவர் படி இறங்குவதற்குள் ஆள் நிர்வாகப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். பூசி மெழுகித்தான் எழுதினேன்: இன்ன தேதியில் இவரது வருகைப் பதிவைப் பரிசீலிக்கவும். தலைப்பில் அவருடைய முழுப் பெயரை, அடையாள அட்டையில் இருப்பதுபோல, அப்பா பெயரோடு போட்டேன். இப்போது மட்டும் சரியாக எழுதத் தெரிந்தது.

பதில் ஒரு நிமிடத்தில் வந்தது. அங்கேயும் மனிதர் யாரும் இல்லைபோல. உங்கள் வருடாந்திர விடுப்பு அந்தத் தேதிக்குப் பதிவாகிவிட்டது, நன்றி என்று இருந்தது.

நான் சத்தமாகச் சிரித்தேன். தலைப்பில் இருந்த ஏ/எல்லைப் பார்த்து அவர்களுடைய இயந்திரமும் அதே பள்ளத்தில் விழுந்திருந்தது. சிரித்து முடித்த பிறகுதான் விளங்கியது: பிரச்சினை தீர்ந்துவிட்டது. சொல்லாமல் வராதவர் இப்போது லீவில் இருந்தவர். அவர் பெயர் சுத்தம். பஸ் நிற்காமல் போனதும் இனி எங்கேயும் பதிவில் இருக்காது. முதலாளிக்கு அழைத்துச் சொன்னேன். அந்தத் தொழிற்சாலையோடு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது.

"அப்பாடா, சாமிதான் காப்பாத்துச்சு. பஸ்சு நிக்கலனு ஒருத்தனுக்கும் தெரிய வேணாம். வாய மூடிக்கிட்டு இரு தங்கச்சி. நீ என்கூடவே இரு, அக்கா மவன நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். அந்த மனிதருக்கு வேலை, முதலாளிக்கு ஒப்பந்தம், எனக்கு முதலாளி. நல்ல செய்தி சொல்கிற குரலில் அந்த மனிதரை அழைத்தேன், நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நான் லீவு எடுக்கல மேடம்" என்றார். "நான் நின்னேன்."

"தெரியும்ணே. ஆனா இப்ப ஒங்க ரெக்கார்டு சுத்தமா இருக்கு லா. அது போதாதா?"

"பழைய ஃபேக்டரில என்னை அவங்களா அனுப்பிட்டு, நானா போயிட்டேன்னு எழுதிக்கிட்டாங்க. நானும் வாய மூடிக்கிட்டு கையெழுத்து போட்டேன். அப்புறம் எங்க வேலைக்குப் போனாலும், ஏன் நீயா விட்ட, ஏன் நீயா விட்டனு அதையே கேட்டாங்க. இன்னொரு பொய்ய என் பேருல ஏத்த வேணாம். நாளைக்கு நீங்க எங்க ஃபேக்டரிக்கு வாங்க. அவங்க முன்னால வந்து சொல்லுங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு மனிதர் கையில் கிடைத்த நல்லதை ஏன் தட்டிவிடுகிறார், அவருடைய ரோஷத்துக்கு என் தொழிலா பலி என்று கூட்டாளியிடம் பொரிந்து தள்ளினேன். நான் போய் உண்மையைச் சொன்னால் தொழிற்சாலை பஸ் கம்பெனியைப் பிடிக்கும், பஸ் கம்பெனி என்னை விடும். எட்டு வருஷம்டா, பாதிப் பிழைப்புடா என்றேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போய்ட்டு வாங்கக்கா" என்றான்.

மறுநாள் பாயான் லெப்பாஸில் அவருடைய தொழிற்சாலைக்குப் போனேன். ஆள் நிர்வாகப் பிரிவின் கவுண்டருக்கு முன்னால் அவர் எனக்கு முன்பே நின்றிருந்தார். கவுண்டருக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும். திரையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"அங்கிள், அதான் ஆனுவல் லீவுனு போட்டாச்சே. கன்ஃபர்ம் ஆவறதுக்கு ஒரு பிரச்சனயும் இல்ல. அப்புறம் என்னா?"

"நான் லீவு கேக்கலம்மா. அன்னிக்கு நான் வந்தேன். பஸ்சுதான் வரல. அத எழுதுங்க."

"சும்மா எழுத முடியாது அங்கிள். பஸ்சு சைடுலருந்து யாராச்சும் லெட்டர் குடுக்கணும்." அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களா? குடுத்தா மாத்திடலாம். ஆனா பஸ்சு கம்பெனி மேல ரிப்போர்ட் மேல போயிரும், பரவால்லயா?"

அவரைப் பார்த்தேன், இப்போதாவது விட்டுவிடுவார் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. மடித்த மழைக்கோட்டைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்த வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏ.ஐ. மேல் கோபம், முதலாளியின் அக்கா மகன் மேல் கோபம், சண்டை போடாத கூட்டாளி மேல் கோபம், எல்லாவற்றையும் அந்தக் கவுண்டரில் நின்று ஒரு சுற்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. பெயர்களை வெட்டியது நான்.

தாளை வாங்கினேன். திங்கட்கிழமை காலை இவர் தம் நிறுத்தத்தில் நேரத்துக்கு நின்றிருந்தார், பெயரில் உள்ள ஏ/எல்லை லீவு என்று படித்த எங்கள் மென்பொருளின் தவறால் பஸ் அங்கே நிற்கவில்லை, அந்தத் தவறு என்னுடையது, சோதித்தவள் நான் என்று எழுதினேன். ஏ.ஐ. என்ற சொல்லை எங்கேயும் போடவில்லை. கீழே வழக்கம்போல என் சின்னப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் தாளைத் திருப்பி என்னிடமே தள்ளினாள். "அக்கா, ஐ.சி. அட்டைல இருக்கற மாதிரி முழுப் பேரு வேணும்."

பெயருக்குப் பக்கத்தில் ஏ/பி என்று எழுதி, அப்பா பெயரை எழுதினேன். எழுதிப் பல வருஷமாயிற்று, கோடு கோணலாக விழுந்தது. அப்பா இப்போது இல்லை. அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்த கை ஞாபகம் வந்து, கண் கலங்கியதை மறைக்கக் குனிந்துகொண்டேன்.

பக்கத்தில் நின்ற மனிதர் தாளை எடுத்து, ஒரு எழுத்து விடாமல், உதடு அசைய என் பெயர் வரைக்கும் படித்தார். அவர் குரலில் அப்போது கோபம்கூட இல்லை.

"ஒங்க அப்பாவும் ஏ/எல்தானே மேடம்? அவரு பேர போட்டு ஒரு தடவ பாத்திருக்கலாமே."